புதுச்சேரியிலிருந்து அருவிப் பயணம்: எந்த ஆறு, எந்த மாதம்?

புதுச்சேரியிலிருந்து காரில் கிளம்பி, மே மாதப் பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் பயணம் போக வேண்டும். ஆற்றை ஒட்டியே போகும் மலைச்சாலை வேண்டும். வழியில் அருவிகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி, ஒரு மணி நேரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வருபவர்கள் மூட்டுவலியுள்ள அப்பா, அம்மா, ஒன்பதும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன், ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலையில் ஒரே நாளில் ஐந்து அருவிகளைப் பார்த்துப் படம் அனுப்பினாராம். அப்படி ஒன்று நம் பக்கத்தில் உண்டா என்பது கேள்வி. எந்தச் சாலை, எவ்வளவு நடை, குளிக்கலாமா என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. நீங்கள் கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது: மே மாதத்தில் அங்கே தண்ணீர் இருக்குமா? மற்ற மூன்றுக்கும் பதில் அதைப் பொறுத்தது என்பதால், அதை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

நான் கடலூரைச் சேர்ந்தவன். இருபத்தேழு ஆண்டுகள் ஆற்றில் ஓடும் நீரை அளக்கும் வேலையில் இருந்தேன். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு என்று நம் மூன்று ஆறுகளின் கரையிலும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கீழே வரும் தண்ணீர் மேலே எங்கே பிறக்கிறது என்று பார்க்கும் ஆசையில் வேலை நாட்களிலும் விடுமுறைகளிலும் மலை ஏறியிருக்கிறேன். ஆகவே தண்ணீரைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். தங்கும் விடுதி, காரின் திறன் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை ஒரு சாதாரணப் பயணி சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அண்ணன் அனுப்பிய படங்கள். கொலம்பியாப் பள்ளத்தாக்கில் அருவிகள் ஏன் வரிசையாகச் சாலை ஓரத்திலேயே விழுகின்றன என்று தெரிந்தால், நம் ஊரில் எதைத் தேட வேண்டும் என்பது புரிந்துவிடும். அந்தப் பகுதி முழுவதும் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவான கருங்கல் பாறை. பனி யுகத்தின் முடிவில், கிழக்கே மொன்டானாவில் பனிக்கட்டியே அணையாக நின்று தேக்கியிருந்த பெரிய ஏரி மீண்டும் மீண்டும் உடைந்தது. அந்த வெள்ளங்கள் கொலம்பியா ஆற்றின் வழியே பாய்ந்து இருபுறச் சரிவுகளையும் செங்குத்தாக அறுத்துத் தள்ளின. பெரிய ஆற்றின் பள்ளத்தாக்கு சட்டென்று அகன்றுவிட, அதில் வந்து சேரும் சிற்றோடைகள் உயரத்திலேயே தொங்கிப்போயின. அந்த ஓடைகள்தான் இன்று அருவிகளாக விழுகின்றன. மல்ட்னோமா அருவி மட்டும் 620 அடி. அதை ஒட்டியே 1913 முதல் 1922 வரை சாலை போட்டார்கள், அதுவும் காட்சிகளைப் பார்ப்பதற்கென்றே திட்டமிட்டு. குளிர்காலப் பனியும் மழையும் ஊற்றுகளும் ஆண்டு முழுவதும் அந்த ஓடைகளுக்கு நீர் கொடுக்கின்றன.

நம்மிடம் கடினமான பாறை, செங்குத்தான சரிவு, ஆண்டு முழுவதும் நீர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேரவில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் நாம் நிற்பது ஆற்று வண்டலும், அதற்கு மேற்கே செம்மண் மேடுகளாகத் தெரியும் கடலூர் மணற்பாறையும். கேப்பர் மலை என்று நாம் சொல்லும் மேடும் அந்த மணற்பாறைதான். அது மென்மையானது, தண்ணீர் அதை அரித்துக் கரைத்துவிடும், அதன் மேல் நின்று விழாது. அருவி விழக் கடினமான பாறை வேண்டும். அது நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்கே, கல்வராயன் மலையிலும் அதற்கு அப்பால் சேர்வராயன், கொல்லி மலைகளிலும்தான் தொடங்குகிறது. ஆகவே கடற்கரையிலிருந்து அருவிக்குப் போவது என்றால், நம் ஊரில் கடலில் கலக்கும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு அதன் தலைமாட்டுக்குப் போவது என்று பொருள். பயணத்தை அப்படி அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. அருவிகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அலைவதைவிட, ஓர் ஆற்றைத் தொடர்ந்து போனால் பிள்ளைகளுக்கும் விஷயம் மனத்தில் நிற்கும்.

இனி மாதம். நம் மலைகளுக்கு மழை தரும் முக்கியக் காலம் வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கு முன் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாலை நேர இடிமழை மலை மேல் நன்றாகவே பெய்யும். பொங்கல் கழிந்த பிறகு ஓடைகள் மெலியத் தொடங்கும். மாசி, பங்குனியில் நூலாகிவிடும். சித்திரை, வைகாசியில் பெரும்பாலான சிற்றருவிகளில் ஈரப் பாறைதான் மிஞ்சும். கோடை மழை இரண்டு நாள் பெய்தால் திடீரென்று உயிர் வரும், நான்காம் நாள் அடங்கிவிடும். மே மாதத்தில் உங்கள் தேதிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா என்று எந்த நிபுணரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதில் காடும் சேர்ந்துகொள்கிறது. வெயில் காலத்தில் காட்டுத் தீ அபாயம் இருப்பதால் நடைபாதைகளை வனத்துறை மூடுவது வழக்கம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, அனுமதி விதிகள் கடுமையாயின. அதை நான் தடையாக நினைக்கவில்லை. காய்ந்த புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைப் பார்த்தவன் நான்.

ஆகவே என் முதல் பரிந்துரை: முடிந்தால் மே மாதத்தை விட்டுவிட்டு, பொங்கல் விடுமுறைக்கு இந்தப் பயணத்தை மாற்றுங்கள். மழை ஓய்ந்திருக்கும், மண் ஈரம் காயாது, ஓடைகளில் நீர் தெளிந்து ஓடும். பருவமழையின் நடுவில், நவம்பரில் போனால் அருவி இன்னும் பெரிதாக இருக்கும். ஆனால் அது நின்று பார்ப்பதற்கான அருவி. பிள்ளைகளோடு இறங்குவதற்கு ஏற்றதல்ல.

எந்த ஆறு என்று பார்த்தால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக வந்து கடலூருக்கு வடக்கே கடலில் சேர்கிறது. கடலூரிலிருந்து பண்ருட்டி, மடப்பட்டு, திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சித்தூர் சாலை ஏறக்குறைய இந்த ஆற்றுக்கு இணையாகவே போகிறது. திருக்கோவிலூரில் ஆற்றின் நடுவே தனிப் பாறையாக நிற்கும் கபிலர் குன்று, உலகளந்த பெருமாள் கோயில், கீழையூர் வீரட்டேசுவரர் கோயில் என்று நிறுத்திப் பார்க்க நிறைய இருக்கிறது. அங்கிருந்து சாத்தனூர் அணை. சென்னகேசவ மலைகளுக்கு இடையில் ஆறு நெருங்கி வரும் இடத்தில்தான் அணையைக் கட்டியிருக்கிறார்கள். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 119 அடி. நீங்கள் தேடும் குறுகிய மலையிடுக்கு அங்கே உண்டு, ஆனால் அது இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. அணை கட்டுபவர்களும் அந்த இடுக்கைத்தான் தேடுகிறார்கள். ஆகவே பெண்ணையின் வழி அழகான பயணம், ஆனால் அருவிப் பயணம் ஆகாது. அப்பாவையும் அம்மாவையும் மட்டும் அழைத்துப் போவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது கோமுகி ஆறு. இந்தப் பெயரைக் கடற்கரையில் இருக்கும் நாம் அதிகம் கேட்டிருக்க மாட்டோம், ஆனால் அது நம்முடைய ஆறுதான். கல்வராயன் மலையில் கோமுகியும் மணிமுக்தாவும் பிறந்து, சமவெளியில் ஒன்றுசேர்ந்து, விருத்தாசலம் வழியாக வந்து வெள்ளாற்றில் கலக்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகு நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு, நீங்கள் போய்ப் பார்க்கப்போகும் அருவியிலிருந்து வந்ததாக இருக்கும்.

வழி எளிது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை, பிறகு சேலம் சாலையில் திரும்பித் தியாகதுருகம் கடந்து கள்ளக்குறிச்சி. சுமார் 115 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் காலை உணவையும் முடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சியைத் தாண்டிவிடலாம். தியாகதுருகத்தில் சாலை ஓரமாகவே கோட்டை மலை தெரியும். போகும்போது நிறுத்தாதீர்கள், வெயில் ஏறுவதற்குள் மலையில் இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் கோமுகி அணை வரும். 46 அடி உயரம் வரை நீர் தேக்கும் சிறிய அணை. அதன் கரையில் நின்று மேற்கே பாருங்கள். முன்னால் நீர்ப்பரப்பு, அதன் பின்னால் சுவர் போல எழும் மலை, அந்தச் சுவரில் ஒரு பிளவு. கோமுகி அந்தப் பிளவிலிருந்துதான் வெளியே வருகிறது. நான் பார்க்கச் சொல்லும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அருவிகளைவிடவும் இதைத்தான் சொல்வேன். மலையும் சமவெளியும் சந்திக்கும் எல்லையை இவ்வளவு தெளிவாக நம் மாவட்டங்களில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து சாலை மலை ஏறுகிறது. வெள்ளிமலை வரையிலான அந்த ஏற்றம்தான் நீங்கள் கேட்ட பள்ளத்தாக்குச் சாலைக்கு மிக நெருக்கமானது. ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறு பக்கம் கீழே ஓடையின் சத்தம். மழைக்காலத்துக்குப் பிறகு வளைவுக்கு வளைவு சிறு ஓடைகள் சாலையின் குறுக்கே கசிந்து ஓடும். பெரியார் அருவி இந்தச் சாலையை ஒட்டியே இருக்கிறது. மூட்டுவலி உள்ளவருக்கும் அதிக சிரமம் இராது. காரை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில் தண்ணீரைப் பார்த்துவிடலாம். அருவி உயரத்தால் மிரட்டுவது அல்ல. அகன்ற பாறையில் பிரிந்து பிரிந்து இறங்குவது. விடுமுறை நாட்களில் பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும், அதனால்தான் அதிகாலைப் புறப்பாட்டை வற்புறுத்துகிறேன். மலைமேல் வெள்ளிமலையும் கரியாலூரும் இருக்கின்றன. கரியாலூரில் பூங்காவும் படகுச் சவாரியும் உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் ஓட ஏற்ற இடம். மலைமேல் தங்கும் அறைகள் குறைவு. முன்பதிவு உறுதியானால் மட்டும் மேலே தங்குங்கள், இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கெல்லாம் இறங்கிக் கள்ளக்குறிச்சியில் தங்கி மறுநாள் மீண்டும் ஏறுங்கள். அந்தச் சாலையை இருட்டில், அதுவும் மழையில் இறங்குவது வேண்டாம்.

இன்னொரு வார்த்தை. கல்வராயன் மலை ஊட்டியைப் போல வெள்ளைக்காரர்கள் கோடை வாசத்துக்காக உருவாக்கிய ஊர் அல்ல. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, தேனும் கடுக்காயும் சேகரித்து வாழும் இடம். நீங்கள் நடக்கும் பாதை அவர்கள் வயலுக்கும் பள்ளிக்கும் நடக்கும் பாதை. ஓடையில் நீங்கள் கழுவும் சோப்பு கீழே ஒருவர் குடிக்கும் குடத்துக்குப் போகிறது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் நடைக்கு மேகம் அருவி. இதற்குச் சாலையிலிருந்து காட்டுப் பாதையில் நடந்துதான் போக வேண்டும், வழியில் ஓடையைக் கடக்கவும் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நல்ல அனுபவம், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரியவரின் கை துணையாக வேண்டும், அப்பாவுக்கு வேண்டாம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூலி பேசி அழைத்துக்கொள்ளுங்கள். பாதை தெரியும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

பணியில் சேர்ந்து நான்காம் ஆண்டு, செப்டம்பர் மாதம் ஒரு மதியம், நானும் உடன் பணிபுரிந்த இருவரும் கல்வராயனில் ஓர் ஓடைக் குறுக்கே நின்று நீரின் வேகத்தை அளந்துகொண்டிருந்தோம். கணுக்கால் அளவுத் தண்ணீர். தலைக்கு மேல் வெயில் அடித்தது. எங்களோடு வந்திருந்த மலையாளிப் பெரியவர் கரையில் பீடி பற்றவைத்தபடி உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து, “தண்ணீரின் நிறம் மாறுகிறது, மேலே ஏறுங்கள்” என்றார். எங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. தெளிந்த நீரில் லேசாகத் தேநீர் கலந்தது போல் ஒரு சாயல், அதோடு மிதந்து வந்த நாலைந்து காய்ந்த இலைகள், அவ்வளவுதான். கருவியைத் தூக்கிக்கொண்டு கரை ஏறினோம். நாங்கள் நின்றிருந்த பாறை ஐந்து நிமிடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மழை எங்கோ மேலே, எங்களுக்குத் தெரியாத ஒரு சரிவில் பெய்திருக்கிறது. நீரளவை பற்றி நான் படித்த எதுவும் அன்று என்னைக் காப்பாற்றவில்லை. அந்தப் பெரியவர் காப்பாற்றினார். அதற்குப் பிறகு வழிகாட்டி இல்லாமல் நான் எந்த ஓடையிலும் இறங்கியதில்லை.

குளிக்கலாமா என்ற கேள்விக்கு இதிலிருந்தே வருகிறேன். தண்ணீர் கலங்கத் தொடங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், அருவியின் ஓசை கனத்தாலும், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கரை ஏறிவிட வேண்டும். பை, செருப்பு, கைபேசி எதற்காகவும் திரும்பக் கூடாது. ஓடும் தண்ணீரின் பலத்தை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரு கன அடி நீர் 28 கிலோ எடை. செய்தியில் ‘ஆயிரம் கன அடி’ என்று படித்தால், நொடிக்கு 28 டன் எடை உங்களைக் கடந்து போகிறது என்று பொருள். அரை அடி ஆழ வேக நீர் ஒரு பெரியவரைக் கால் தடுமாறச் செய்துவிடும். ஓர் அடி ஆழம் சிறிய காரை நகர்த்தும், இரண்டு அடி ஆழம் பெரும்பாலான கார்களைத் தூக்கிக்கொண்டு போகும். மலைச்சாலையில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், முன்னால் பஸ் போயிற்று என்று நீங்களும் போகாதீர்கள். பஸ்ஸின் எடை வேறு.

அருவி நேராக விழும் இடத்தில் உள்ள மடு தனி அபாயம். அங்கே நீரில் காற்றுக் குமிழ் மிகுதியாகக் கலந்திருப்பதால் அது உடலைத் தாங்காது. குளத்தில் நன்றாக நீந்துபவரும் அதில் அமிழ்வார். ஓரப் பாறைகளில் படிந்த பாசி, உலர்ந்ததுபோல் தெரியும்போதுகூட வழுக்கும். பிள்ளைகளை மடுவுக்குக் கீழே, நீர் பரவி முழங்காலுக்குக் குறைவாக ஓடும் இடத்தில் மட்டும் விடுங்கள். அருவிக்கு நேர் கீழே தலையைக் காட்டி நிற்பதை நம் ஊரில் எல்லோரும் விரும்புகிறோம், நானும் சிறுவயதில் நின்றிருக்கிறேன். மேலிருந்து தண்ணீர் மட்டும் வருவதில்லை, கல்லும் கட்டையும் வரும் என்று தெரிந்த பிறகு நிறுத்திவிட்டேன். காலில் ரப்பர் செருப்பு வேண்டாம். பின்பட்டை உள்ள, அடியில் வரி ஆழமாக இருக்கும் காலணி வேண்டும்.

மலையில் பெய்வது கீழே என்ன செய்யும் என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் பெண்ணையில் திறக்கப்பட்டது. குண்டு உப்பலவாடி, தாழங்குடா பக்கம் வீடுகளுக்குள் நுழைந்த அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி நம் ஊரில் பெய்த மழை அல்ல. ஓடையில் நிற்கும்போது தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

நீங்கள் குறிப்பிட்டிருந்த மற்ற இரண்டு இடங்களையும் பார்த்துவிடலாம். கொல்லிமலை ஆகாய கங்கை உயரத்தில் கல்வராயன் அருவிகளையெல்லாம் மிஞ்சும். ஏறக்குறைய 300 அடி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீசுவரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்குவது எளிது. களைத்து, நனைந்து, பசியோடு இருக்கும்போதுதான் அத்தனை படிகளையும் ஏற வேண்டியிருக்கும். இறங்கும்போதும் முழங்காலுக்குத்தான் சுமை. அப்பாவை அங்கே அழைத்துப் போகாதீர்கள். வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டல் வரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் வேறு வகை. கொலம்பியாவைப் போல உண்மையான ஆற்றுப் பாறையிடுக்கு வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் நான் காட்டக்கூடியது அதுதான். காவிரி பாறைகளுக்கு இடையே பல கால்களாகப் பிரிந்து விழுந்து, இருபுறமும் பாறைச் சுவர் எழும் இடுக்கில் ஓடுகிறது. அதற்குள் பரிசலில் போகலாம். காவிரிக்குக் கர்நாடகத்தின் தென்மேற்குப் பருவமழைதான் நீர் தருகிறது. ஆகவே அதன் நாட்காட்டி நம் மலைகளுக்கு நேர் எதிரானது: ஜூலை, ஆகஸ்டில் பெருகும், அப்போது குளிக்கவும் பரிசலுக்கும் அடிக்கடி தடை விழும். பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து செய்திகளில் தினமும் வரும். புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மே மாதத்தில் நீர் குறைவாக இருந்தாலும் காவிரி பெரும்பாலும் முற்றிலும் வற்றாது. புதுச்சேரியிலிருந்து அது முழு நாள் பயணம், இரண்டு நாளில் அடக்கினால் பாதி நேரம் காரிலேயே போய்விடும். மூன்று நாள் கிடைத்தால் போகலாம். பாறைகளில் நீர் குடைந்த ஆழமான குழிகள் மேலே தெரியாது என்பதால், அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம். பரிசலில் உயிர்காப்புச் சட்டையைப் பிள்ளைகளுக்கு இறுகக் கட்டிவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது, மே மாதம்தான் என்றால், அருவியை மறந்துவிட்டு ஒரே நாளில் திருவக்கரைக்குப் போய்வாருங்கள் என்பேன். செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து, திருவக்கரை, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், மரத்தின் நார்வரிகூட மாறாமல் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைக் குறித்திருக்கிறார். அவை புதைந்திருக்கும் பாறை, நான் மேலே சொன்ன அதே கடலூர் மணற்பாறை. செம்மண்ணை மழை நீர் அறுத்து உண்டாக்கிய ஓடைப் பள்ளங்களை ஆரோவில் பக்கம் பொம்மையார்பாளையத்திலும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு பள்ளத்தாக்கு எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்ட, கொலம்பியாவைவிட அது நல்ல பாடம். ஆள் உயரத்தில் எல்லாம் தெரியும். மே வெயிலில் காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். பள்ளத்தின் விளிம்பில் நிற்க விடாதீர்கள், அந்த மண் அடியில் அரிபட்டிருக்கும்.

நான் உறுதியாகச் சொல்பவையும் நாளுக்கு நாள் மாறுபவையும் கலந்துவிடக் கூடாது. ஆறுகளின் போக்கு, மழையின் மாதங்கள், ஓடும் நீரின் பலம், எந்த இடம் முழங்காலுக்கு ஆகும் என்பவை உறுதி. அருவியில் அன்று எவ்வளவு நீர் இருக்கும், காட்டுப் பாதை திறந்திருக்குமா, மலைச்சாலையில் மண் சரிந்திருக்குமா, குளிக்க அனுமதி உண்டா என்பவை ஒவ்வொரு நாளும் மாறும். பழைய காணொளியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முந்தின நாள் கள்ளக்குறிச்சி வனத்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மலையில் கைபேசித் தொடர்பு பல இடங்களில் விட்டுப்போகும், அதனால் எப்போது இறங்கிவிடுவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் நேரம் சொல்லி வையுங்கள். கார் டாங்க்கைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிவிடுங்கள். புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போனால் மதிய உணவுக்காக அலைய வேண்டியிருக்காது. குரங்குகள் இருக்கும் இடத்தில் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

திரும்பும்போது நேரம் இருந்தால், உளுந்தூர்பேட்டை வழியாக வராமல் விருத்தாசலம் வழியாகக் கிழக்கே வாருங்கள். விருத்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி மணிமுக்தா ஓடுகிறது. அப்படியே பரங்கிப்பேட்டைக்கு வந்து, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் மாலை வெயிலில் காரை நிறுத்துங்கள். முந்தின நாள் பெரியார் அருவியில் பிள்ளைகள் கை வைத்த தண்ணீர் அங்கே எப்போது வந்து சேரும் என்று கேட்பார்கள். மதகுகளையும் தடுப்பணைகளையும் தாண்டி வர வேண்டும் என்று சொல்லுங்கள். கோமுகி அணையின் கரையில் பார்த்த மலைப் பிளவு அவர்களுக்கு நினைவிருக்கும். அங்கிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரி வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.